வன்னி வைத்தியசாலைகளின் பாதீடு: நிதி உண்மையிலேயே "திரும்பிப் போகிறதா"?

முறிகண்டிச்சந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு பிரதேச வைத்தியசாலையில் இயங்கும் நோயாளர் நலன்புரிச் சங்கத்துக்கு இவ்வாண்டு என்னைப் பொருளாளராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் கணக்கு எழுதிய பழக்கம் உண்டு; அரச கணக்கு எனக்குப் புதிது.

கடந்த பொதுக்கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து, "ஒவ்வொரு வருசமும் வடக்குக்கு வந்த காசு திரும்பிப் போகிறது என்று பத்திரிகையில் போடுகிறார்கள், ஆனால் என் பிள்ளைக்கு எழுதிய மருந்தை வெளியே வாங்கச் சொல்கிறார்கள், இது என்ன நியாயம்?" என்று கேட்டார். மேடையில் இருந்த எவராலும் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. கணக்குக் கிளையில் பணியாற்றியவர்கள் இங்கே இருப்பதால், நிதி உண்மையிலேயே திரும்பிப் போகிறதா என்பதை விளக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை வாங்கித்தர முன்வந்திருக்கிறார்கள். ஊரே மகிழ்ச்சியில் இருக்கிறது. வைத்திய அதிகாரி மட்டும் "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். அவர் ஏன் யோசிக்கிறார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பழைய பேரேடு எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மாகாண நிர்வாகத்தில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒதுக்கீட்டையும் பணத்தையும் வேறுபடுத்திக்கொள்ளவேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள் அல்லவா? கூட்டக் குறிப்பில் உங்கள் பெயருக்கு நேரே ஓர் ஏக்கர் என்று இருக்கும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் நீங்கள் விதைக்கலாம். பாதீட்டு ஒதுக்கீடு அந்தக் கூட்டக் குறிப்பு; திறைசேரியிலிருந்து மாதந்தோறும் விடுவிக்கப்படும் கட்டுநிதிதான் தண்ணீர். வன்னியின் சிறிய வைத்தியசாலைகள் பெரும்பாலும் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைவாய்க்காலில் இருக்கின்றன.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணங்களுக்குப் பகிரப்பட்டது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை போன்றவை மத்திய அமைச்சின் கீழ் இருக்க, உங்கள் பிரதேச வைத்தியசாலை மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. மாகாணத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அரசியலமைப்பின் 154த உறுப்புரையின் கீழ் அமைந்த நிதி ஆணைக்குழு ஆராய்ந்து விதந்துரைக்கும். அதில் தொகுதிக் கொடை என்பது மீண்டெழும் செலவுக்கானது, அதாவது ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் நடைமுறைச் செலவுக்கானது. அதன் பெரும்பங்கு சம்பளத்துக்கும் படிகளுக்கும் போய்விடும். கட்டடம், உபகரணம் போன்ற மூலதன வேலைகளுக்கு மாகாணத்துக்கென ஒதுக்கப்படும் அபிவிருத்திக் கொடை வேறாக வருகிறது.

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. ஒரு செலவுத் தலைப்புக்கு ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசெம்பர் நடுப்பகுதி வரை வந்த கட்டுநிதி 7 இலட்சம். அது முழுவதும் செலவாகிவிட்டது. வேலை முடிந்து 3 இலட்சத்துக்குப் பட்டியல்கள் கொடுப்பனவுக்காக மேசையில் கிடக்கின்றன. மிகுதி 2 இலட்சத்துக்கான கொள்வனவு தொடங்கவே இல்லை. ஆண்டு முடிந்ததும் அறிக்கையில் "செலவிடப்படாத ஒதுக்கீடு 5 இலட்சம்" என்று வரும். பத்திரிகையில் அது "5 இலட்சம் திரும்பிப் போனது" என்று ஆகிவிடும். வராத பணம் எப்படி ஐயா திரும்பிப் போகும்? டிசெம்பர் 31ஆம் திகதி நள்ளிரவோடு காலாவதியானது செலவு செய்வதற்கான அதிகாரம் மட்டுமே. அந்த 3 இலட்சம் பட்டியலோ அடுத்த ஆண்டின் 12 இலட்சத்தைத் தை மாதத்திலேயே கடித்துவிடும்.

இதனால்தான் கணக்காளர்கள் அரச நிதி விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 94ஐக் கைத்தடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒதுக்கீட்டுக்கு மேல் கடப்பாடு (பின்னர் பணம் கொடுக்கவேண்டிய பொறுப்பு) ஏற்படுத்தக்கூடாது என்பது அந்தப் பிரமாணம். மக்கள் எங்களைக் கல்நெஞ்சர் என்பார்கள். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பின்னர், தவறுக்கு அலுவலரின் சொந்தப் பையிலிருந்தே அறவிடும் வாய்ப்பும் உண்டு என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

ஸ்காபரோ வாசகர் எழுதியது:

கணக்காளர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் முழுப் பழியையும் திறைசேரியின் வாசலில் இறக்கிவைப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. பணம் வராததுதான் காரணம் என்றால், அந்த 2 இலட்சத்துக்கான கொள்வனவு ஏன் தொடங்கவே இல்லை? வாங்கும் பொருள் எப்படி இருக்கவேண்டும் என்ற விவரக்கூற்றைப் புரட்டாதி மாதத்தில் எழுதத் தொடங்கி, தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவைக் கார்த்திகையில் கூட்டி, மார்கழியில் "நேரம் போதவில்லை" என்று சொல்லும் அலுவலகங்களை நானும் கண்டிருக்கிறேன். 2016இல் ஒரு வைத்தியசாலைக்கு மின்பிறப்பாக்கி பெற்றுக்கொடுக்க நாங்கள் நண்பர்கள் சிலர் பணம் திரட்டி அனுப்பியபோது, மூன்று விலைமனுக்களை ஒப்பிட்டு ஒரு கையெழுத்து வைப்பதற்கு அங்கே ஏழு மாதங்கள் எடுத்தார்கள். அப்போது எந்தத் திறைசேரியும் குறுக்கே நிற்கவில்லை.

பழைய பேரேடு எழுதியது:

தம்பி சொல்வது உண்மை. அதை நான் மறைக்க முயன்றதாகத் தோன்றினால் மன்னிக்கவேண்டும். கொள்வனவுத் திட்டத்தை ஆண்டு தொடங்கு முன்னரே எழுதி, விவரக்கூற்றுகளை ஆயத்தமாக வைத்திருந்தால், கட்டுநிதி வரும் நாளிலேயே கட்டளை கொடுக்கலாம். அப்படிச் செய்யும் அலுவலகங்கள் இருக்கின்றன. குறைவு என்பதுதான் கவலை. எனினும் முழு ஆண்டும் நம் கையில் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். 2025ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்கென்று இடைக்காலக் கணக்கறிக்கைதான் (முழுப் பாதீடு நிறைவேறும் வரை செலவு செய்ய நாடாளுமன்றம் கொடுக்கும் தற்காலிக அனுமதி) இருந்தது. அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டம் மார்ச் 21ஆம் திகதிதான் நிறைவேறியது. மூலதன வேலை ஒன்றைச் சித்திரைக்குப் பிறகு தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன்னர் முடிக்கவேண்டும் என்றால் மீதி எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

மழை என்று சொன்னதால் ஒன்று. எங்கள் நிதியாண்டு முடிவதே வன்னியில் வெள்ளம் வரும் காலத்தில்தான். 2018 டிசெம்பர் கடைசி வாரத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, இடைத்தங்கல் முகாம்களுக்கு மருத்துவக் குழுக்கள் போகவேண்டியிருந்தது. எரிபொருள் தலைப்பில் மீதி இல்லாத நாள்களில்தான் எரிபொருள் தேவைப்படுகிறது. நிதிப் பிரமாணம் 66இன் கீழ் ஒரு தலைப்பின் மீதியை இன்னொன்றுக்கு மாற்றலாம். ஆனால் அதற்கும் கடிதம் மேலே போய்க் கீழே வரவேண்டும். டெங்கும் எலிக்காய்ச்சலும் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பதில்லை. டிசெம்பருக்கென்று ஒரு சிறு தொகையை ஜூலையிலிருந்தே ஒதுக்கிப் பூட்டிவைப்பது என் வழக்கமாக இருந்தது. அதற்காக இரண்டு முறை "செலவில் மந்தம்" என்று எழுத்தில் கண்டனம் வாங்கியிருக்கிறேன்.

களஞ்சியப் பொறுப்பு எழுதியது:

நான் மருந்தாளர். தகப்பன் கேட்ட கேள்வியின் மறுபாதிக்கு இங்கே இன்னும் பதில் வரவில்லை. மருந்துக்கு நாங்கள் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை, பொருளாகத்தான் கேட்கிறோம். ஒவ்வொரு நிறுவனமும் வரும் ஆண்டுக்கான மருந்து மதிப்பீட்டை எழுதி அனுப்பும். அவை பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவின் ஊடாகக் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவுக்குப் போய்த் தொகுக்கப்பட்டு, பெரும்பாலானவற்றை 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கொள்வனவு செய்யும். ஆகவே எங்கள் பாதீடு ரூபாவில் இல்லை, குளிசைகளில் இருக்கிறது. அந்த மதிப்பீட்டில் விடும் பிழையை எந்தக் கணக்காய்வும் இலகுவில் பிடிப்பதில்லை.

அந்தப் பிழையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒரு குளிசை கடந்த ஆண்டில் 12,000 வழங்கப்பட்டதாகப் பதிவேடு சொல்கிறது. புதிதாக வந்த அலுவலர் அதைப் பார்த்து, பத்து வீதம் கூட்டி 13,200 என்று எழுதி அனுப்புவார். ஆனால் அந்த ஆண்டில் நான்கு மாதங்கள் அந்தக் குளிசை களஞ்சியத்திலேயே இல்லை. எட்டு மாதத்தில் 12,000 என்றால் மாதத்துக்கு 1,500. ஆண்டுக்கு உண்மைத் தேவை 18,000. இவர் கேட்டதோ 13,200. ஆக, அடுத்த ஆண்டிலும் மூன்று மாதங்களுக்கு மேல் அது இல்லாமல் போகும். அதைப் பார்த்து அதற்கடுத்த ஆண்டிலும் குறைவாகவே கேட்பார்கள். இல்லாமை இல்லாமையையே பெற்றெடுக்கிறது. எந்தத் திகதியில் தீர்ந்தது, எந்தத் திகதியில் மீண்டும் வந்தது என்று இருப்பு அட்டையில் குறித்திருந்தால் இந்தப் பிழை நேராது. எனக்கு முன்னர் இருந்தவரின் அட்டைகளில் இருப்பு பூச்சியமான வரிக்குக் கீழே அடுத்த வரவு வரும் வரை ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளியில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பது அட்டைக்குத் தெரியாது.

பாம்புக்கடி மருந்தைக் கணக்கிடுவது இன்னும் சிக்கலானது. நாகம், புடையன் போன்றவற்றின் நஞ்சுக்கு நாம் பயன்படுத்தும் நஞ்செதிர் மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. ஒரு நோயாளிக்கே 10 குப்பிகள், சில வேளை அதற்கும் மேல் தேவைப்படும். வயல் வேலை நடக்கும் மாதங்களில் கடியும் கூடும். மாதச் சராசரியை எடுத்தால் ஒன்றரை நோயாளிக்கான இருப்பு என்று வரும். அறுவடைக் கிழமையில் ஒரே இரவில் மூவர் வந்துவிட்டால் அந்தச் சராசரியை வைத்து என்ன செய்வது? குறைந்தபட்ச இருப்பு என்பதைச் சராசரியால் அல்ல, மிக மோசமான கிழமையால் தீர்மானிக்கவேண்டும் என்று நான் வாதாடி வருகிறேன். காலாவதியாகிவிடுமே என்பார்கள். பயன்படாத குப்பிகளைக் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினால் போதும்.

கொழும்பிலும் இருப்பு இல்லை என்று உறுதி கிடைத்தால் உள்ளூர்க் கொள்வனவு செய்யலாம். அப்போதுதான் எங்கள் தலைப்பில் ரூபா செலவாகும், அதுவும் சில்லறைச் சந்தையின் விலைக்கு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களிலேயே 360 அளவுக்கு ஏறியபோது, அவ்வாண்டுக்கென்று எழுதியிருந்த தொகை ஆனி மாதத்தைக் கூடக் காணவில்லை. விலைமனு கொடுத்த கடைக்காரர், கட்டளை போகும் முன்னரே அந்த விலைக்குத் தரமுடியாது என்று தொலைபேசியில் சொன்னார். அவரையும் குறைசொல்ல முடியாது.

அக்கராயன் எழுதியது:

எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுப்பதால்தானே இந்தச் சிக்கல்? வெளிநோயாளர் துண்டுக்கு 50 ரூபா வாங்கினால் சிறு தேவைகளை வைத்தியசாலையே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

பழைய பேரேடு எழுதியது:

அதுவும் செய்து பார்க்கப்பட்டது. 1951இல் நீக்கப்பட்ட கட்டணத்தை 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் என்று மீண்டும் கொண்டுவந்தார்கள், 1977இல் கைவிட்டார்கள். 50 ரூபாவைச் சேகரிக்கத் துண்டுப் புத்தகம், காசாளர், நாளாந்த வைப்பு, கணக்காய்வு எல்லாம் வேண்டும். சேரும் பணமும் வைத்தியசாலையின் மேசை இலாச்சியில் தங்காது, அரச வருமானமாகப் போகும். தவிர, நட்டாங்கண்டலிலிருந்து சிகிச்சைக்கு வரும் ஒரு மூதாட்டி பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கூலியையும் ஏற்கெனவே கட்டணமாகக் கொடுத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறார்.

விடுதி இலக்கம் 4 எழுதியது:

இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய தாதிய உத்தியோகத்தர் என்பதால், ஆசிரியர் ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். வைத்திய அதிகாரி ஏன் யோசிக்கிறார் என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் யோசிப்பது நல்லது.

இயந்திரம் ஒரு முறைதான் வாங்கப்படுகிறது. அதனோடு ஒட்டிக்கொண்டு வருபவை ஒவ்வொரு கிழமையும் வாங்கப்படவேண்டியவை. ஒரு நோயாளிக்கு ஒரு தடவை சுத்திகரிப்பு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் நடக்கும். நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம் சுத்திகரிப்புத் திரவம் ஓடும். அப்படியானால் 120 லீற்றர். கிழமைக்கு மூன்று தடவை என்றால் 360 லீற்றர், ஒரே ஒரு நோயாளிக்கு. அந்தத் தண்ணீரைக் குழாயிலிருந்து நேரே எடுக்கமுடியாது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் கல்லைப் பாருங்கள்; அதே தண்ணீர்தான் எங்கள் கிணறுகளிலும் இருக்கிறது. அதை மென்மையாக்கி, வடித்து, சவ்வு வழியாக அழுத்திச் சுத்தப்படுத்தவேண்டும். எங்கள் பிரிவில் சவ்வுக்கு முன்னால் தண்ணீரை வடிக்கும் முன்வடியை மாற்றுவதற்கான கோரிக்கை இரண்டு மாதங்கள் தாமதமானது. அதனால் பின்னால் இருந்த விலை கூடிய சவ்வு பழுதாகி, அந்தச் சிறு வடியின் விலையைப் போலப் பல மடங்கு செலவானது. வடி மீண்டெழும் செலவாம், சவ்வு மூலதனமாம். இரண்டுக்கும் வேறு வேறு கோப்புகள், வேறு வேறு கையெழுத்துகள்.

இவற்றுக்கு மேலே நோயாளிக்கு நோயாளி மாற்றும், இரத்தத்தை வடிக்கும் வடிகலம், குருதிக் குழாய்கள், ஊசிகள், செறிவுத் திரவங்கள், பயிற்சி பெற்ற தாதியர், மின்சாரம். மின்சாரத்தைச் சிறிது என்று எண்ணவேண்டாம். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் ஏறியது. அந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த ஆண்டுகளில் எங்கள் ஒதுக்கீடு மூன்று மடங்காகவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

வவுனியாவிலும் செட்டிகுளம் பக்கத்திலும் சிறுநீரக நோயாளர் இருக்கிறார்கள் என்பதால் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடங்கிய சுத்திகரிப்பை இடையில் நிறுத்தமுடியாது. கட்டடம் பூட்டிக் கிடந்தால் பழியோடு போகும்; இயந்திரம் நின்றால் உயிர் போகும்.

ஸ்காபரோ வாசகர் எழுதியது:

அக்கா எழுதியதை எங்கள் குழுவில் வாசித்தேன். இருவர் கோபித்துக்கொண்டார்கள். "நாங்கள் கொடுப்பதையும் வேண்டாம் என்கிறார்களா?" என்பது அவர்களின் கேள்வி. உண்மையைச் சொன்னால், இயந்திரத்தில் பெயர்ப்பலகை பொருத்தலாம், முன்வடியில் பொருத்தமுடியாது. நாங்கள் எதைக் கொடுத்தால் கணக்கில் இடிக்காது என்று கணக்காளர் ஐயா சொல்லவேண்டும்.

பழைய பேரேடு எழுதியது:

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, தம்பி. கொடுப்பதற்கு முன் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: உத்தரவாதக் காலம் முடிந்த பின்னர் இதன் பராமரிப்பும் நுகர்பொருளும் எந்தத் தலைப்பில், எந்த ஆண்டிலிருந்து சேர்க்கப்படும்? பதில் வந்தால் கொடுங்கள். வராவிட்டால் அதே பணத்தில் ஐந்து ஆண்டுச் சேவை ஒப்பந்தத்தையும் சேர்த்து வாங்கமுடிகிறதா என்று பாருங்கள். இயந்திரத்தின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. கொடுத்த பொருள் பொருட்பதிவேட்டில் ஏறியதா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். ஏறாத பொருளுக்குத் திருத்தச் செலவு கேட்க முடியாது. ஆண்டிறுதிப் பொருட்கணிப்பில் அது இருக்கவே இல்லாத பொருள்.

2009க்குப் பின்னர் வன்னியில் எழுந்த கட்டடங்களில் பல வெளி உதவியால் எழுந்தவை. அவை வந்ததால்தான் மக்கள் மீளக் குடியேறியபோது ஒரு கூரையாவது இருந்தது. ஆனால் கட்டிக்கொடுத்தவர் திறப்பை ஒப்படைத்த நாளிலிருந்து துப்புரவுப் பணியாளர், தண்ணீர், மின்குமிழ் எல்லாம் தொகுதிக் கொடையின் தோளில் ஏறின. புதிய விடுதிக்கு ஆளணி அங்கீகாரம் கிடைக்கச் சில இடங்களில் ஆண்டுகள் எடுத்தன. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, அதன்பின் ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடப்பதால், சுகாதார மதிப்பீட்டை வரிக்கு வரி கேள்வி கேட்பதற்கு உறுப்பினர் எவரும் இல்லை. இருந்த காலத்தில் நன்றாகக் கேட்டார்களா என்பது வேறு விவாதம். அதை இங்கே இழுக்க விரும்பவில்லை.

முறிகண்டிச்சந்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இவற்றை என்னால் இயன்றவரை எடுத்துச் சொன்னேன். தகப்பனிடம் இரணைமடு உவமையைச் சொன்னதும் அவர் உடனே விளங்கிக்கொண்டார். ஏனென்றால் அவரும் கடைவாய்க்கால்காரர். "அப்ப தண்ணி வராததுக்கு ஆரைக் கேக்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பணிப்பாளருக்குக் கடிதம் எழுதத் தீர்மானித்திருக்கிறோம். கனடாக் குழுவின் பதில் வரும் வரை இயந்திரம் பற்றிய முடிவை ஒத்திவைத்தோம். இதற்கிடையில் சங்கத்தின் கையிருப்பில் 38,500 ரூபா இருக்கிறது. மருந்தகத்தில் இல்லாத மருந்துகளை நாளாந்தம் குறிக்கச் சங்கம் ஒரு பதிவேடு வாங்கிக்கொடுக்கலாமா? அதில் என்னென்ன நிரல்கள் இருக்கவேண்டும்?

களஞ்சியப் பொறுப்பு எழுதியது:

தாராளமாக, ஐயா. கடின அட்டை போட்ட 200 பக்கக் கொப்பி போதும். திகதி, மருந்தின் பெயரும் அளவும், கேட்ட அளவு, கொடுத்த அளவு, வெறுங்கையோடு போனவர் எண்ணிக்கை என்று ஐந்து நிரல்கள் கோடிடுங்கள். நோயாளியின் பெயர் எழுதவேண்டாம். மருந்தாளரின் ஒப்புதலோடு, அவர் மேசைக்கு எட்டும் இடத்தில், நூல் கட்டிய பேனையோடு வைக்கவேண்டும். பேனை இல்லாவிட்டால் மூன்றாம் நாளே பதிவு நின்றுவிடும். மதிப்பீடு எழுதும் காலத்துக்கு முன்னர் ஒரு மாதப் பதிவாவது கையில் இருந்தால், அந்தப் பக்கங்களின் பிரதியை இங்கே போடுங்கள். கூட்டிப் பார்த்துத் தருகிறேன்.